மருந்துக்கடைக்கு ஒரு பில் திரை: மென்பொருளின் முகத்தைத் திட்டமிடுவது எப்படி?

புரோகிராம் எழுதப் பழகிய புதிதில் ஒரு வேலை கையில் கிடைத்ததும் க்யூடி டிசைனரையோ விஷுவல் ஸ்டுடியோவையோ திறந்து, காலியான விண்டோவில் பட்டன்களை இழுத்துப் போட ஆரம்பித்துவிடுவோம். எங்கள் ஊர் மருந்துக்கடைக்கு பில் போடும் மென்பொருள் செய்து தர ஒப்புக்கொண்டபோது நானும் அதைத்தான் செய்தேன். நான்கு நாளில் திரை தயார். கடையில் நிறுவிய அன்று மாலையே, கூட்டம் ஏற ஏற, கடைக்காரர் அண்ணாச்சி மானிட்டரை ஓரமாகத் திருப்பி வைத்துவிட்டு பழைய பில் புத்தகத்தை எடுத்துவிட்டார். கணக்கில் ஒரு பைசா தவறு இல்லை. அவர் வேலை செய்யும் வரிசை ஒன்று, என் திரை கேட்ட வரிசை வேறு. அவ்வளவுதான் கோளாறு.

அந்தத் திரையை முதலிலிருந்து மறுபடி செய்தேன். அப்போது நடந்து வந்த வழியைப் படிப்படியாக இங்கே சொல்கிறேன். நீங்கள் செய்யப்போவது நூலகத்துக்கோ நெல் கொள்முதலுக்கோ பள்ளி வருகைப் பதிவுக்கோ இருக்கலாம். விவரம் மாறும், வழி பெரிதாக மாறாது.

முதலில் கடையில் போய் நில்லுங்கள்

கம்ப்யூட்டர் வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும். கூட்டம் இல்லாத மதியத்தில் போய் "உங்களுக்கு என்னென்ன வசதி வேண்டும்?" என்று கேட்டால் வரும் பட்டியல் பெரும்பாலும் உதவாது. தினமும் கை தானாகச் செய்கிற காரியத்தை யாராலும் வாயால் சரியாகச் சொல்ல முடியாது. அதனால் கூட்டம் நெரிக்கும் நேரத்தில், மாலை ஆறரைக்கு மேல், ஓரமாக நின்று பாருங்கள். மூன்று நாள் பார்த்தால் நல்லது. ஒரு நாளாவது கட்டாயம்.

நான் நின்றபோது முதலில் கண்ணில் பட்டது மவுஸ். இருமல் மருந்து அட்டைப்பெட்டிக்குப் பின்னால் தூசி படிந்து கிடந்தது. அண்ணாச்சியின் இடது கையில் எப்போதும் ஒரு மாத்திரை அட்டை இருக்கும், அல்லது சீட்டு இருக்கும். வலது கை மட்டும்தான் கீபோர்டுக்கு. அதிலும் பாதி நேரம் வலது ஓர எண் விசைகளில். என் முதல் திரையில் மவுஸ் இல்லாமல் ஒரு பில்லைக்கூட முடிக்க முடியாது.

இரண்டாவதாகப் பார்த்ததுதான் இந்த வேலையைப் பற்றிய என் எண்ணத்தையே மாற்றியது. ஒரு அம்மா டாக்டர் சீட்டைக் கொடுத்தார். அண்ணாச்சி ஐந்து மருந்தையும் எடுத்து வைத்து, கூட்டிப் பார்த்து, தொகையைச் சொன்னார். அந்த அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணிப் பார்த்துவிட்டு, "முழுசும் வேண்டாம் அண்ணாச்சி, மூணு நாளைக்கு மட்டும் குடுங்க" என்றார். அவர் ஒரு வார்த்தை பேசாமல் கத்தரிக்கோலை எடுத்து அட்டைகளை வெட்டிவிட்டு, புதிய தொகையைச் சொன்னார். அன்று மாலை இரண்டு மணி நேரத்தில் இதே காட்சியை ஒன்பது முறை எண்ணினேன். தொகை கேட்ட பிறகு அளவைக் குறைப்பது அந்தக் கடையில் அன்றாடம் நடப்பது. என் திரையிலோ ஒரு வரியை மாற்ற வேண்டுமென்றால் அதை நீக்கிவிட்டு மறுபடி சேர்க்க வேண்டும். கையில் பணம் குறைவாக இருப்பவரை எல்லோர் முன்னாலும் கூடுதல் நேரம் நிற்க வைக்கிற திரை அது. அன்றிரவு அதை நினைத்து வெட்கமாக இருந்தது.

நோட்டில் என்ன எழுத வேண்டும்? எந்த வேலைக்குப் பிறகு எந்த வேலை வருகிறது, எங்கே கை நிற்கிறது, எதை வாய்விட்டுச் சொல்கிறார்கள், எதற்காகப் பழைய தாளைப் புரட்டுகிறார்கள், குறுக்கே என்ன வந்து விழுகிறது. போன் வரும், சில்லறை கேட்பார்கள், "பணம் எடுத்துட்டு வந்துடறேன்" என்று ஒருவர் பாதியில் போவார். அவர்கள் வாயில் வரும் சொற்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பட்டனில் என்ன எழுதுவது என்று முடிவு செய்யும்போது தேவைப்படும்.

எது நாளுக்கு எத்தனை தடவை?

வீட்டுக்கு வந்ததும் பார்த்த வேலைகளை மூன்று கட்டாகப் பிரியுங்கள். நாளுக்கு நூறு தடவை நடப்பவை, நாளுக்கு ஐந்தாறு தடவை நடப்பவை, மாதம் ஒருமுறையோ வருடம் ஒருமுறையோ நடப்பவை. மருந்துக்கடையில் முதல் கட்டில் மூன்றே விஷயம்தான்: மருந்தைத் தேடுவது, அளவு போடுவது, அளவை மாற்றுவது. இரண்டாவதில் சரக்கு வரவு, விற்றதைத் திரும்ப வாங்குவது, நிறுத்தி வைத்த பில்லை எடுப்பது, கடன் கணக்கில் எழுதுவது. மூன்றாவதில் எக்ஸ்பைரி ஆனதை மொத்தக் கடைக்குத் திருப்பி அனுப்புவது, வரிக் கணக்கு, விலை மாற்றம்.

முதல் கட்டில் உள்ளவற்றுக்குத் திரையைத் திறந்ததும் விரலுக்குக் கீழே இடம் வேண்டும். இரண்டாவது ஒரு விசை தள்ளி இருக்கலாம். மூன்றாவது மெனுவுக்குள் போகட்டும், யாரும் தேட மாட்டார்கள். எல்லா வசதியையும் முதல் திரையிலேயே சின்னச் சின்ன ஐகான்களாக அடுக்கி வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது. தினமும் நூறு பேருக்கு பில் போடுகிறவரின் கண் ஒவ்வொரு தடவையும் அந்த நாற்பது ஐகான்களைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மூன்றாவது கட்டு அரிதாக நடப்பதால் அதை அலட்சியமாகச் செய்துவிடக் கூடாது. 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியபோது பெரும்பாலான மருந்துகளுக்கான வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. வரி விகிதத்தைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதி வைத்தவர்கள் கடை கடையாக ஓட வேண்டிவந்திருக்கும். "இந்தத் தேதி முதல் இந்த விகிதம்" என்று கடைக்காரரே போட்டுக்கொள்ள ஒரு சின்னத் திரை இருந்தால் அவரே பார்த்துக்கொள்வார்.

பொருள்களைப் பிரித்து அறியுங்கள்

திரை வரையும் முன் இன்னொரு தாள் வேண்டும். உங்கள் மென்பொருளில் என்னென்ன பொருள்கள் இருக்கின்றன, ஒன்றுக்கொன்று என்ன உறவு என்று அதில் எழுதுங்கள். மருந்து வேறு, பேட்ச் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) வேறு. ஒரே மாத்திரை இரண்டு பேட்ச்சில் இருந்தால் எக்ஸ்பைரி வேறாக இருக்கும், எம்ஆர்பியும் வேறாக இருக்கலாம். விற்பது மருந்தையல்ல, ஒரு பேட்ச்சிலிருந்து சில மாத்திரைகளை. இதைப் புரிந்துகொள்ளாமல் திரை போட்டால் விலைக்கு ஒரே ஒரு கட்டம் வைத்துவிட்டு, பிறகு எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியிருக்கும்.

சட்டம் கேட்பதையும் இந்தத் தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத, கூடுதல் கட்டுப்பாடுள்ள மருந்துகளுக்கென்று 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஹெச்1 பட்டியலில் உள்ளவற்றை விற்றால் டாக்டரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். என் முதல் திரையில் நோயாளியின் பெயரைக் கேட்கும் கட்டம்தான் எல்லா பில்லுக்கும் முதலில் வந்தது, நிரப்பாமல் நகரவும் முடியாது. தலைவலி மாத்திரை இரண்டு வாங்க வந்தவரிடம் பெயர் கேட்டால் என்ன நினைப்பார்? இப்போது ஹெச்1 மருந்து பில்லில் ஏறும்போது மட்டும் அந்தக் கட்டங்கள் கீழே திறக்கின்றன. அவை நிரம்பாமல் அச்சு போகாது.

தாளில் வரைந்து, தாளிலேயே ஓட்டிப் பாருங்கள்

இப்போதுதான் வரைய வேண்டும், அதுவும் பென்சிலால். பழைய தாளின் பின்பக்கம் போதும். ஒரே திரையை மூன்று விதமாக வரையுங்கள். முதலில் தோன்றியது பெரும்பாலும் வேறெங்கோ பார்த்ததன் நகலாக இருக்கும். மூன்றாவதில்தான் நோட்டில் எழுதியது எட்டிப் பார்க்கும். நேராகக் கம்ப்யூட்டரில் வரைந்து காட்டினால் பார்ப்பவர்கள் நிறத்தைப் பற்றிப் பேசுவார்கள். பென்சில் கோட்டைக் காட்டினால் "இது எதுக்கு இங்க இருக்கு?" என்று கேட்பார்கள். நமக்கு வேண்டியது இரண்டாவது கேள்வி. பக்கத்தில் ஆள் இல்லாத வேலைக்கு ஃபிக்மா, பென்பாட் போன்ற திரை வரையும் மென்பொருள் உதவும். ஆனால் பென்சிலால் வரைந்ததற்குப் பிறகு அங்கே போங்கள்.

வரைந்ததைக் கடைக்கு எடுத்துப்போய் ஓட்டிப் பார்க்க வேண்டும். திரையை ஏ4 தாளில் வரைந்து, மாறும் பகுதிகளைத் துண்டுச் சீட்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். உண்மையான டாக்டர் சீட்டு ஒன்றை முன்னால் வைத்து, "இதுக்கு பில் போடுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு நீங்கள் கம்ப்யூட்டராக மாறிவிடுங்கள். அவர் என்டர் என்றால் நீங்கள் அடுத்த சீட்டை வைக்க வேண்டும். விளக்கம் சொல்லக் கூடாது.

எனக்கு இதில் கிடைத்தது ஒரு பெரிய பாடம். அளவு கட்டத்தில் அவர் "2" என்றார். நான் இரண்டு மாத்திரை என்று விலை எழுதினேன். அவர் நினைத்தது இரண்டு அட்டை. அடுத்த வரியில் "6" என்றார், அது ஆறு மாத்திரை. அவர் மனதுக்குள் எது அட்டை, எது மாத்திரை என்று தெளிவாக இருக்கிறது. கட்டத்துக்கு அது தெரியாது. இதைத் தாளில் கண்டுபிடிக்க எனக்கு ஆன செலவு ஒரு டீ. கடையில் ஓடும்போது கண்டுபிடித்திருந்தால் ஸ்டாக் முழுவதும் தப்பாகியிருக்கும்.

தீர்வை அவரோடு பேசித்தான் முடிவு செய்தேன். எண் போட்டால் மாத்திரை. எண்ணுக்குப் பிறகு எண் விசைப்பகுதியில் உள்ள நட்சத்திர விசையை அழுத்தினால் அட்டை. எதைப் போட்டாலும் பக்கத்தில் "25 மாத்திரை = 2 அட்டை + 5" என்று விரித்துக் காட்டும். விசை நினைவில் இல்லாவிட்டாலும் கண் பிழையைப் பிடித்துவிடும்.

முக்கியத் திரையை அடுக்குவது

திரை திறந்ததும் கர்சர் தேடல் கட்டத்தில் இருக்க வேண்டும். மூன்று எழுத்து அடித்ததும் கீழே பட்டியல், மேல்கீழ் அம்புக்குறியால் தேர்வு, என்டர், அளவு, என்டர், கர்சர் மறுபடி தேடலில். ஐந்து மருந்துள்ள பில்லுக்குக் கை ஒருமுறைகூட கீபோர்டை விட்டு எழக் கூடாது. டேப் விசையை அழுத்திப் பாருங்கள்: கட்டம் விட்டுக் கட்டம் கண் போகும் வரிசையில்தான் கர்சர் போகிறதா? புதியவர்கள் பலர் கட்டங்களை வைத்த வரிசையிலேயே விட்டுவிடுவார்கள். பிறகு கர்சர் மேலும் கீழும் தாவும்.

பட்டியலில் என்ன காட்டுகிறோம் என்பதில் உயிர் இருக்கிறது. மெட்ஃபார்மின் 500, மெட்ஃபார்மின் 1000 என்று அடுத்தடுத்த வரியில் வந்தால் அவசரத்தில் தவறிவிடும். அதனால் வீரியத்தைப் பெயரோடு ஒட்டாமல் தனிப் பத்தியில், தடித்த எழுத்தில் வைத்தேன். பெயரே ஒன்றுபோல் இருக்கும் மருந்துகளும் உண்டு. ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ராலசினும் அரிப்புக்கான ஹைட்ராக்சிசினும் ஆங்கிலத்தில் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2001-இல் ஒரு வழி சொன்னது: பெயரில் வேறுபடுகிற பகுதியை மட்டும் பெரிய ஆங்கில எழுத்துகளில் காட்டுவது. செலவில்லாத யோசனை. நம் பட்டியலிலும் அப்படியே போடலாம்.

பேட்ச் விஷயத்தில் முதலில் எக்ஸ்பைரி ஆகப்போவதை மென்பொருளே தேர்ந்தெடுத்து வைக்கட்டும். ஆனால் அவர் ரேக்கிலிருந்து எடுத்த அட்டை வேறு பேட்ச்சாக இருக்கலாம். கையில் உள்ளதுதான் உண்மை. அதனால் ஒரே விசையில் பேட்ச்சை மாற்ற முடிய வேண்டும். பொதுவாகவே மென்பொருள் ஊகித்து நிரப்பும் எதற்கும் பக்கத்திலேயே மாற்றும் வழி வேண்டும்.

மொத்தத் தொகையைத் திரையின் வலது கீழ் மூலையில், இரண்டடி தள்ளி நின்றாலும் படிக்கும் அளவில் போடுங்கள். அவர் அதைப் பார்த்து வாய்விட்டுச் சொல்கிறார். எண்ணை நம் வழக்கப்படி 1,25,000 என்று பிரித்துக் காட்டுங்கள். கம்ப்யூட்டர் தானாகக் கொடுக்கும் 125,000 வேண்டாம். அந்த அம்மாவுக்காகச் செய்தது இது: தொகை சொன்ன பிறகு மேல் அம்புக்குறியை அழுத்தினால் கடைசி வரியின் அளவுக் கட்டத்துக்குப் போகும். எண்ணை மாற்றிய கணமே மொத்தம் மாறும், வேறு எதையும் அழுத்த வேண்டாம். பணம் எடுத்துவர வீட்டுக்குப் போனவரின் பில்லை எஃப்6 நிறுத்தி வைக்கும். எத்தனை பில் நிற்கிறது என்ற எண் மேலே எப்போதும் தெரியும்.

இங்கே செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். விற்றதைத் திரும்ப வாங்குவதற்குத் தனித் திரை எதற்கு என்று நினைத்து, பில் திரையிலேயே ஒரு விசை வைத்தேன். அழுத்தினால் "ரிட்டர்ன்", மறுபடி அழுத்தினால் விற்பனை. ஒருநாள் ரிட்டர்ன் போட்டுவிட்டு, திரும்ப மாற்ற மறந்து, அடுத்த நான்கு பில்லும் ரிட்டர்னாகவே ஏறிவிட்டன. இந்த ஆபத்தை அரை நூற்றாண்டுக்கு முன்பே எச்சரித்தவர் லாரி டெஸ்லர். ஜெராக்ஸின் ஆய்வகத்தில் வெட்டி ஒட்டும் வசதியை உருவாக்கியவர்களில் ஒருவர். ஒரே விசை வெவ்வேறு நிலையில் வெவ்வேறு காரியம் செய்வதை வாழ்நாள் முழுவதும் எதிர்த்தார். தன் கார் நம்பர் பிளேட்டிலேயே அதை எழுதி வைத்திருந்தார். இப்போது ரிட்டர்னுக்குத் தனித் திரை இருக்கிறது. பின்னணி நிறமும் தலைப்பும் வேறு, ஒரு ரிட்டர்ன் முடிந்ததும் தானே மூடிக்கொள்ளும்.

பட்டனில் என்ன எழுதுவது?

அண்ணாச்சி "எக்ஸ்பைரி" என்கிறார், "பேட்ச்" என்கிறார், "அட்டை" என்கிறார், "சரக்கு வந்துடுச்சு" என்கிறார். திரையிலும் அப்படியே எழுதுங்கள். "காலாவதி நாள்", "தொகுப்பு எண்" என்பதெல்லாம் நல்ல தமிழ்தான். ஆனால் அவர் கையில் உள்ள அட்டையில் அந்தச் சொல் இல்லை. அதே கடையில் வாடிக்கையாளர் கையில் போகும் பில்லுக்கு வேறு நியாயம், அங்கே முழுத் தமிழ் நன்றாகவே இருந்தது. யாருடைய கண்ணுக்கு என்று பார்த்து முடிவு செய்யுங்கள். "சரி" என்று மட்டும் எழுதிய பட்டனைவிட "பில் அச்சிடு" என்று நடக்கப்போவதைச் சொல்லும் பட்டன் எப்போதும் மேல்.

பெயர் புரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய உதாரணம் உண்டு. 2020 ஆகஸ்ட்டில் சிட்டி வங்கி, ரெவ்லான் நிறுவனத்தின் கடனுக்குச் சுமார் 78 லட்சம் டாலர் வட்டி மட்டும் அனுப்ப வேண்டியிருந்தது. அசல் தொகை வெளியே போகாமல் உள்கணக்கில் நிற்க வேண்டுமானால் திரையில் மூன்று கட்டங்களை நிரப்ப வேண்டும். அவற்றின் பெயரிலிருந்து அது தெரியாது. "அசல்" என்றிருந்த ஒன்றை நிரப்பினால் போதும் என்று நினைத்தார்கள். மூன்று பேர் பார்த்து ஒப்புதல் கொடுத்தும், கிட்டத்தட்ட 90 கோடி டாலர் வெளியே போய்விட்டது.

தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம்

மருந்தின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தாலும் கடன் நோட்டில் ஆட்களின் பெயர் தமிழில்தான் இருக்கும். இங்கே ஐந்து விஷயம் சறுக்கும். பட்டன் அகலத்தை எண் போட்டு நிர்ணயிக்காதீர்கள். தமிழ்ச் சொற்கள் பெரும்பாலும் நீளும், கடைசி எழுத்து வெட்டுப்படும். வரியின் உயரத்தையும் கூட்டுங்கள். கீ, டி ஆகியவற்றின் மேல்வளைவும் ழு, று ஆகியவற்றின் கீழ்க்கோடும் ஆங்கிலத்துக்கு அளந்த வரியில் அறுந்துபோகும். சோதிக்கும்போது "முழு நீள கீழப்பாவூர்" போல எல்லாப் பக்கமும் நீட்டுகிற ஒன்றை எழுதிப் பாருங்கள்.

எழுத்து எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். "மாத்திரை" நமக்கு நான்கு எழுத்து, யூனிகோடில் எட்டுக் குறிகள். "பத்து எழுத்துக்கு மேல் கூடாது" என்று கட்டுப்பாடு வைத்தால் ஐந்தாறு எழுத்திலேயே கட்டம் அடைத்துவிடும். அகர வரிசையையும் கணினியின் போக்கில் விடாதீர்கள். யூனிகோடு அட்டவணையில் ன என்பது ந-வுக்கு அடுத்து, ற என்பது ர-வுக்கு அடுத்து இருக்கிறது. குறியெண்படி அடுக்கினால் முத்து, முனியசாமி, முரளி, முருகன் என்று வரும். நம் வரிசையில் முனியசாமி கடைசியில் வர வேண்டும். ஐசியு என்ற இலவச நிரல் தொகுப்பில் உள்ள தமிழ் வரிசையைப் பயன்படுத்தினால் சரியாக வரும்.

கடைசியாக, குறுக்கு விசைகளுக்கு எழுத்து விசைகளை வைக்காதீர்கள். தமிழ் 99 விசைப்பலகை இயங்கிக்கொண்டிருந்தால் அந்த விசையில் தமிழ் எழுத்துதான் வரும், கட்டளை போய்ச் சேராது. எஃப் வரிசையும் எண் பகுதியும் பாதுகாப்பானவை.

எச்சரிக்கையும் பிழைச் செய்தியும்

டெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சைக் கருவியால் 1985-க்கும் 1987-க்கும் இடையே ஆறு விபத்துகள் நடந்தன. உயிர்கள் போயின. அடிப்படைக் கோளாறு மென்பொருளுக்குள் இருந்தது. ஆனால் ஏதோ தவறு என்று கருவி திரையில் சொன்ன விதம் "மால்ஃபங்ஷன் 54" என்ற ஒரு எண்தான். அதற்கு என்ன பொருள் என்பது இயக்குபவருக்குத் தெரியாது. இதுபோன்ற செய்திகள் அடிக்கடி வந்துகொண்டே இருந்ததால், பி விசையை அழுத்தித் தொடர்வது கைப்பழக்கமாகிவிட்டது.

நம் கடைத் திரையிலும் அதே பழக்கம் உருவாகும். எல்லாவற்றுக்கும் "நிச்சயமாகவா?" என்று கேட்டால் இரண்டாவது நாளிலிருந்து யாரும் படிக்க மாட்டார்கள். அதனால் மூன்று வகையாகப் பிரித்தேன். திருத்த முடிந்த காரியத்துக்குக் கேள்வியே வேண்டாம். செய்துவிட்டு, "பழையபடி ஆக்கு" என்ற வழி கொடுங்கள். ஒரு வரியை நீக்கினால் எஃப்9 அதைத் திரும்பக் கொண்டுவரும். சந்தேகத்துக்குரியதற்கு வரியின் பக்கத்திலேயே ஒரு குறிப்பு வரட்டும், வேலையை நிறுத்த வேண்டாம். "வழக்கமாக 10, இப்போது 100" என்பது போல. நடக்கவே கூடாததைத் தடுத்துவிடுங்கள்: எக்ஸ்பைரி முடிந்த பேட்ச் பில்லில் ஏறவே கூடாது. அங்கே "சரி" பட்டன் இருக்கவே கூடாது.

தடுக்கும்போது சொல்லும் செய்தியில் என்ன நடந்தது, ஏன், இனி என்ன செய்யலாம் என்ற மூன்றும் இருக்கட்டும். "இந்த பேட்ச்சின் எக்ஸ்பைரி 05/26-உடன் முடிந்தது. 11/27 பேட்ச்சில் 40 மாத்திரை இருக்கிறது. அதை எடுக்க என்டர்." அட்டையில் மாதம், வருடம் மட்டும் இருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை செல்லும் என்பதைக் கணக்கிலும் அப்படியே வையுங்கள்.

வேகம், நிறம், அளவு

ராபர்ட் மில்லர் 1968-இல் எழுதி, பிறகு திரை வடிவமைப்பு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் பரப்பிய அளவுகள் இன்றும் பொருந்துகின்றன. பத்தில் ஒரு நொடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும். ஒரு நொடிக்குள் என்றால் எண்ண ஓட்டம் அறுவதில்லை. பத்து நொடியைத் தாண்டினால் ஆள் வேறு வேலைக்குப் போய்விடுவார். தேடல் முதல் வகையில் இருந்தே ஆக வேண்டும். மாத அறிக்கைக்கு எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை போதும்.

நிறத்தை மட்டும் நம்பி எதையும் சொல்லாதீர்கள். சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாத ஆண்கள் கணிசமாக உண்டு. சிவப்போடு "முடிந்தது" என்ற சொல்லும் வரட்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்பது வலைத்தள அணுகுதன்மை விதி, கடைத் திரைக்கும் அதையே வையுங்கள். டியூப்லைட் நேராக மானிட்டரில் விழும் இடத்தில் வெளிர் சாம்பல் எழுத்து தெரியவே தெரியாது. தொடுதிரைக்குச் செய்தால் பட்டன் அளவு ஆண்ட்ராய்டு சொல்லும் 48 அலகுக்குக் குறையாமல் இருக்கட்டும். இலக்கு பெரிதாகவும் பக்கத்திலும் இருந்தால் கை சீக்கிரம் போய்ச் சேரும் என்று உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-லேயே அளந்து காட்டிவிட்டார்.

கட்டுவது

எந்தக் கருவி என்பதில் அதிகம் குழம்ப வேண்டாம். பைத்தான் தெரிந்தால் அதோடு வரும் டிகின்டர் என்ற திரை அமைக்கும் தொகுப்பில் தொடங்கலாம், வேலை பெரிதானால் க்யூடிக்கு மாறலாம். பாஸ்கல் பழகியவர்களுக்கு லாசரஸ் இருக்கிறது. ஒன்றில் மட்டும் உறுதியாக இருங்கள்: கட்டங்களை இத்தனையாவது புள்ளியில் என்று நிலையாக வைக்காமல், கருவி தரும் லேஅவுட்டுக்குள் (இடத்துக்கேற்ப தானே அடுக்கிக்கொள்ளும் அமைப்பு) வையுங்கள். கடையில் இருப்பது உங்கள் மானிட்டர் அல்ல. அப்புறம், வரிக் கணக்கையும் ஸ்டாக் கழிப்பதையும் பட்டனுக்குள் எழுதாமல் தனியாக எழுதுங்கள். திரை நிச்சயம் மாறும். அப்போது கணக்கைத் தொட வேண்டியிருக்கக் கூடாது.

ஆட்களை உட்கார வைத்துப் பார்ப்பது

ஐந்து பேர் போதும் என்பது நீல்சனின் பரிந்துரை. என் அனுபவத்தில் மூன்று பேரிலேயே பெரிய ஓட்டைகள் தெரிந்துவிட்டன. முதலாளி, பழைய ஊழியர், புதிதாகச் சேர்ந்த பையன் என்று மூன்று விதமாக இருக்கட்டும். "இந்தத் திரை எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள், நல்லாயிருக்கு என்றுதான் சொல்வார்கள். வேலை கொடுங்கள்: "இந்தச் சீட்டுக்கு பில் போடு தம்பி. இப்ப அவங்க மூணு நாளைக்கு மட்டும் கேக்கறாங்க." பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவன் தடுமாறும்போது கை நீட்டி "அந்த பட்டன்" என்று காட்டத் தோன்றும். அதைச் செய்துவிட்டால் அந்த இடத்தில் இருக்கும் குறை உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். அவன் கண் முதலில் எங்கே போனது, எதை அழுத்தினான் என்று மட்டும் எழுதுங்கள்.

புதிய பையன் நிறுத்தி வைத்த பில்லை எடுக்க முடியாமல் அரை நிமிடம் தேடினான். மேலே இருந்த எண்ணை அவன் தேதி என்று நினைத்துவிட்டான். "நிற்கும் பில்: 2" என்று மாற்றியதும் அடுத்த ஆள் நேராகப் போனார்.

கடையில் ஓடத் தொடங்கிய பிறகு முதல் வாரம் பழைய பில் புத்தகம் பக்கத்திலேயே இருக்கட்டும். எப்போதெல்லாம் அதை எடுக்கிறார்கள் என்று மட்டும் குறித்து வைக்கச் சொல்லுங்கள். இரண்டு வாரம் கழித்துப் போய் மானிட்டரின் ஓரத்தைப் பாருங்கள். திரை சொல்லத் தவறியதை ஊழியர்கள் சீட்டில் எழுதி ஒட்டி வைத்திருப்பார்கள். அண்ணாச்சி கடையில் இரண்டு சீட்டு இருந்தது. ஒன்றில் "ஸ்டார் = அட்டை". இன்னொன்றில் "சிரப்புக்கு ஸ்டார் போடாதே". பாட்டிலுக்கு நட்சத்திரம் போட்டால் பெட்டிக் கணக்கில் பன்னிரண்டு பாட்டில் ஏறியிருக்கிறது. முதல் சீட்டுக்காக அளவுக் கட்டத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்புப் போட்டேன். இரண்டாவதற்காக பாட்டில் மருந்துகளுக்கு அந்த விசையையே வேலை செய்யாமல் ஆக்கினேன். அடுத்த முறை போனபோது இரண்டாவது சீட்டைக் கிழித்துவிட்டிருந்தார்கள். முதலாவது இன்னும் ஒட்டியிருக்கிறது. அந்தக் குறிப்பின் எழுத்து இன்னும் பெரிதாக வேண்டும்போல.